17-க்கும் 18-க்கும் இடையில்

உணவுப் பழக்கம் தொடர்பான மனநல ஆலோசனைக்கு முதன்முறையாக வருவோரிடம் வினாப்படிவம் ஒன்றைக் கொடுக்கிறோம். அதை வாங்கும் பலர் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, “இதில் எவ்வளவு எடுத்தால் பாஸ்?” என்பது. சிரித்துக்கொண்டே கேட்டாலும் அக்கேள்விக்குள் ஓர் அச்சம் இருக்கிறது. மதிப்பெண் கூடினால் துன்பம் கூடுதல் என்பதே இங்குள்ள கணக்கு என்று அறிந்தவுடன், சிலருடைய பேனா தயங்கத் தொடங்கிவிடுகிறது. அந்தத் தயக்கத்தைப் பற்றியும், அதற்கு நோயாளிகள் மட்டுமே காரணம் அல்லர் என்பதைப் பற்றியும் இம்முறை எழுத விரும்புகிறோம்.

‘பிஞ்ச் ஈட்டிங்’ என்று மருத்துவர்கள் குறிப்பிடும் நிலை, விருந்தில் இரண்டு கவளம் கூடுதலாக உண்பதன்று. குறுகிய நேரத்திற்குள், பிறர் அதே சூழலில் உண்ணக்கூடியதைவிடத் தெளிவாகவே மிகுதியான உணவை உண்பது; உண்ணும்போது நிறுத்த இயலவில்லை என்ற உணர்வு இருப்பது. இவ்விரண்டும் சேர்ந்ததே அது. பசியில்லாமலே உண்பது, வழக்கத்தைவிட வேகமாக உண்பது, வயிறு வலிக்கும் வரை உண்பது, வெட்கத்தால் தனித்து உண்பது, உண்ட பின் தன்மீதே அருவருப்போ குற்ற உணர்வோ கொள்வது ஆகியவை உடன் வரும். இது வாரத்திற்கு ஒரு முறையாவது, மூன்று மாதங்கள் தொடர்ந்தால் நோயாகக் கருதலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013-இல் வெளியான 5-ஆம் பதிப்பில் வரையறுத்தது. உடற்பருமன் உடையவர்களிடையே இத்தகைய உண்ணும் முறை இருப்பதை ஆல்பர்ட் ஸ்டன்கார்ட் எனும் அமெரிக்க மனநல மருத்துவர் 1959-லேயே எழுதியிருந்தார். ஒரு துன்பம் தனிநோயாகப் பெயர் பெறுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவரை அதற்கு வழங்கிய பெயர் ‘பேராசை’, ‘நாக்கு ருசி’, ‘வாயைக் கட்டத் தெரியாத தன்மை’. நம் வீடுகளில் இன்றும் அப்பெயர்களே வழங்குகின்றன.

சர்க்கரை நோய்க்கு எச்பிஏ1சி இருக்கிறது. குருதி அழுத்தத்திற்குக் கருவி இருக்கிறது. நோயாளி வாய் திறவாவிட்டாலும் அவை பேசிவிடும். கட்டிழந்து உண்ணும் துன்பத்தைக் காட்டும் குருதிப் பரிசோதனை எதுவும் இல்லை. எடை பார்க்கும் கருவியும் இதைச் சொல்லாது. பருமனான பலருக்கு இத்துன்பம் இல்லை, சராசரி எடையுள்ள சிலருக்கு இருக்கிறது. ஆகவே, துன்புறுபவர் தம்மைப் பற்றித் தாமே கூறும் சொல்லையே அளவுகோலாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. வினாப்படிவம் என்பது அந்தச் சொல்லை எண்ணாக மாற்றும் ஒரு வழி. அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு: சொல்லப்பட்ட சூழல் எவ்வளவு நம்பத்தக்கதோ, அவ்வளவு தூரமே நம்பலாம்.

பரவலாகப் பயன்படும் படிவங்களுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோர்மலி என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியோரும் 1982-இல் வெளியிட்ட ‘பிஞ்ச் ஈட்டிங் ஸ்கேல்’ 16 தொகுதிகளைக் கொண்டது. ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று அல்லது நான்கு வாக்கியங்கள் இருக்கும். தமக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாதி தொகுதிகள் செயலைப் பற்றியவை. மறுபாதி உணர்வையும் எண்ணத்தையும் பற்றியவை. மொத்தம் 0 முதல் 46 வரை மதிப்பெண் வரலாம். 17 வரை இருந்தால் துன்பம் இல்லை அல்லது சிறிதளவே. 18 முதல் 26 வரை நடுத்தரம். 27-உம் அதற்கு மேலும் கடுமை. இந்தப் படிவம் உருவான காலத்தில் மேற்சொன்ன நோய் வரையறையே இல்லை. உடற்பருமனுக்குச் சிகிச்சை பெற வந்தவர்களிடம் இத்துன்பத்தின் கடுமையைக் கணிக்கவே அதை அமைத்தார்கள். நோய் உண்டு, இல்லை என்று தீர்ப்பளிக்க அமைக்கப்பட்டதன்று.

இதை நினைவில் கொள்ளாமல் 17 பெற்றவரை வீட்டிற்கு அனுப்பி, 18 பெற்றவரை உள்ளே அழைத்தால் என்ன நேரும்? ஒரே ஒரு வாக்கியத்தில், இரண்டாவதைத் தேர்ந்தெடுக்காமல் முதலாவதைத் தேர்ந்தெடுத்ததுதான் இவ்விருவருக்கும் உள்ள வேறுபாடாக இருக்கலாம். அருகில் மாமியார் அமர்ந்திருந்தார் என்பதுகூட அதற்குக் காரணமாகலாம்.

எங்கள் அனுபவத்தில் இது மிகையன்று. பெயரும் விவரங்களும் வெளிப்படாதவாறு ஒன்றைச் சொல்கிறோம். சர்க்கரை நோய்ப் பிரிவிலிருந்து அனுப்பப்பட்ட நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். கையெழுத்து வேறு ஒருவருடையது. கண்ணாடி எடுத்து வரவில்லை என்பதால் உடன் வந்த மகன், காத்திருக்கும் கூடத்திலேயே ஒவ்வொரு வாக்கியமாக உரக்கப் படிக்க, அவர் தலையசைக்க, மகன் குறியிட்டிருக்கிறார். சில இடங்களில் அவர் பதில் சொல்லும் முன்பே, “அம்மா அப்படியெல்லாம் சாப்பிட மாட்டாங்க” என்று மகனே முடித்துவிட்டார். மதிப்பெண் மிகக் குறைவு. உணவுப் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினோம். மூன்று மாதங்கள் கழித்து அவர் தனியாக வந்தபோது, அதே படிவத்தில் மதிப்பெண் ஏறத்தாழ மும்மடங்காக இருந்தது. நோய் வளர்ந்துவிடவில்லை, கேட்கப்பட்ட இடம் மாறியிருந்தது. கடுமையான உணவுக் கட்டுப்பாடு இத்தகையோருக்குப் பல வேளைகளில் அடுத்த மிகையுண்ணலுக்கே வழி திறக்கும் என்பதை அறிந்திருந்தும், அவருக்கு நாங்கள் கொடுத்தது உணவுப் பட்டியல். அந்த மூன்று மாதங்களுக்கு மகன்மீது பழி சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. கூடத்தில் அமர வைத்துப் படிவத்தைக் கொடுத்தவர்கள் நாங்கள்.

சொற்களிலும் சிக்கல் இருக்கிறது. இப்படிவங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. இங்குள்ள வாழ்க்கைக்குள் வரும்போது சில சொற்கள் வேறு பொருள் கொண்டுவிடுகின்றன. ‘கட்டுப்பாட்டை இழந்தீர்களா?’ என்று கேட்கிறோம். நம் மருத்துவமனைகளில் ‘கட்டுப்பாடு’ என்றாலே பத்தியம் என்று பொருள். பேரன் பிறந்தநாளில் ஒரு லட்டு உண்ட சர்க்கரை நோயாளி, மனச்சான்று உறுத்த ‘ஆம்’ என்று குறியிடுகிறார். இரவில் அடுக்களையில் நின்றபடியே மீந்த சோறு முழுவதையும் விழுங்கிவிட்டு அழும் இளைஞரோ, தமக்கு எந்தப் பத்தியமும் இல்லை என்பதால் ‘இல்லை’ என்கிறார். ‘தனியாக உண்பீர்களா?’ என்பதும் அப்படித்தான். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் தனியே உண்பதே பல வீடுகளில் பெண்களின் வழக்கம். அது வெட்கத்தால் விளைந்த தனிமையன்று. ‘வேகமாக உண்பீர்களா?’ என்று பேருந்து நடத்துநரைக் கேட்டால் அவர் வேறென்ன சொல்வார்? அவருக்குக் கிடைப்பது பத்து நிமிடம்.

மற்றொரு படிவம், ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஃபேர்பர்னும் பெக்லினும் 1994-இல் அறிமுகப்படுத்தியது. இப்போது வழங்கும் வடிவில் 28 வினாக்கள். கடந்த 28 நாட்களைப் பற்றியவை. உடல் வடிவத்தையோ எடையையோ மாற்றும் நோக்கத்தோடு, விழித்திருக்கும் வேளையில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ எதுவும் உண்ணாமல் இருந்ததுண்டா என்பது அவற்றுள் ஒன்று. கிருத்திகை விரதமோ ரமலான் நோன்போ இருந்தவர்கள் ‘நோக்கத்தோடு’ என்ற சொல்லைத் தாண்டிச் சென்று நாட்களை எண்ணிக் குறித்துவிடுகிறார்கள். இதற்கு மாறாக, எடை குறையட்டும் என்று பட்டினி கிடப்பவர் அதை விரதம் என்று வீட்டில் சொல்லியிருப்பார்; படிவத்திலும் அதையே எண்ணிச் சுழியம் போடுவார். இரண்டுமே பொய்யல்ல. வினா போய்ச் சேர்ந்த இடம் வேறு.

வாந்தி, பட்டினி போன்ற வெளிப்படையான செயல்களில் படிவமும் நேர்காணலும் பெரிதும் ஒத்துப்போவதையும், மிகையுண்ணல், உடல் வடிவம் பற்றிய கவலை போன்ற சிக்கலானவற்றில் படிவம் கூடுதலாகக் காட்டுவதையும் அப்படிவத்தை உருவாக்கியவர்களே கண்டு எழுதினார்கள். காரணம் எளிது. ‘மிகுதியான உணவு’ என்றால் எவ்வளவு என்பதை நேர்காணலில் கேட்பவர் தீர்மானிக்கிறார். படிவத்தில் எழுதுபவர் தீர்மானிக்கிறார். பத்து இட்லி ஒருவருக்குக் காலை உணவு. மூன்றாவது இட்லியை உண்டதற்காக இரவெல்லாம் உறங்காதவரும் உண்டு. பின்னவருடைய துன்பம் மெய்யானது. அது அளவு சார்ந்த துன்பமன்று என்பதே வேறுபாடு. 2022 முதல் நடைமுறைக்கு வந்துள்ள உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆம் நோய் வகைப்பாடு, அளவைவிட நிறுத்த முடியாமையையே நடுவில் வைப்பது எங்களுக்கு நிறைவளிக்கிறது. மிகையுண்ணல் என்றால் என்ன என்பதை எடுத்துக்காட்டுகளோடு முன்னரே விளக்கிய பின் படிவத்தைக் கொடுத்தால், விடைகள் நேர்காணலோடு நெருங்கி வருகின்றன என்றும் ஆய்வு காட்டியிருக்கிறது. விளக்குவதற்குச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்கள்தாம் புறநோயாளிப் பிரிவில் கிடைப்பதில்லை என்று நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

உடற்பருமனைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்காக வருவோரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவர்களிடமும் இத்தகைய படிவங்கள் கொடுக்கப்படுகின்றன. பணம் திரட்டி, விடுப்பு எடுத்து, வீட்டாரை இசைய வைத்து வந்தவருக்கு, ‘அதிக மதிப்பெண் வந்தால் அறுவை சிகிச்சை இல்லை என்று சொல்லிவிடுவார்களோ’ என்ற எண்ணம் எழுவது இயல்பு. எனவே அழகான விடைகள் வருகின்றன. அவ்வளவு அழகான விடைகளைக் காணும்போது எங்களுக்கு ஐயம் எழுகிறது. ஆயினும் ஐயத்தை முகத்தில் காட்டினால் உள்ளதும் மூடிக்கொள்ளும். மிகையுண்ணல் இருப்பது அறுவை சிகிச்சைக்கான கதவைத் தானாக அடைத்துவிடுவதில்லை என்பதை இங்கே தெளிவாக எழுதுகிறோம். முன்னதாகவே தெரிந்தால் உளவியல் சிகிச்சையைத் தொடங்கலாம். அறுவைக்குப் பின்னும் தொடரலாம். அறுவைக்குப் பிறகு இரைப்பையின் கொள்ளளவு சுருங்குவதால், பேரளவில் உண்ண உடல் இடம் தராது. ‘மிகுதியாக உண்டீர்களா?’ என்ற வினாவுக்கு அப்போது எல்லோரும் ‘இல்லை’ என்பார்கள். சிறிது சிறிதாக, நிறுத்த முடியாமல் நாள் முழுவதும் கொறித்துக்கொண்டே இருப்பவரும் ‘இல்லை’ என்றுதான் சொல்ல முடியும். பழைய வினாவை அவரிடம் அப்படியே கேட்பது எங்கள் பிழை.

கடுமையை எண்ணிக்கையால் அளக்கும் முறையும் ஒன்று உண்டு. முன் சொன்ன அமெரிக்கக் கையேடு வாரத்திற்கு 1 முதல் 3 முறை என்றால் இலேசானது, 4 முதல் 7 நடுத்தரம், 8 முதல் 13 கடுமை, 14-உம் அதற்கு மேலும் மிகக் கடுமை என்று வகுக்கிறது. எண்ணுவதற்கு எளிது, ஒப்பிடுவதற்கும் எளிது. ஆனால் வாரத்தில் இருமுறை மட்டும் நிகழ்வது, ஒரு மாணவியைத் தேர்வு எழுத விடாமலும் விடுதி அறையை விட்டு வெளியே வர விடாமலும் செய்யுமானால், அதை ‘இலேசானது’ என்று எழுத எங்கள் கை கூசுகிறது. உடன் இருக்கும் மற்ற அறிகுறிகளையும் அன்றாட வாழ்வு குலைந்திருக்கும் அளவையும் கருதி மருத்துவர் ஒரு படி உயர்த்திக் குறிக்கலாம் என்று அதே கையேடு அனுமதிக்கிறது. அட்டவணையைப் பார்ப்பவர்கள் அதன் கீழே இருக்கும் அந்த வரியையும் பார்க்க வேண்டும்.

இவ்வளவு குறை சொன்ன பின் படிவங்களே வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்கலாம். எங்கள் துறையிலேயே அவ்வாறு கருதுவோர் உண்டு. பேசினால் போதாதா என்பார்கள். நாங்கள் அக்கட்சியில் இல்லை. மனிதர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத ஒன்றைக் காகிதத்தில் குறியிட முடிகிறது. குளிர்சாதனப் பெட்டியின் முன் நின்றபடி உண்டதை, குழந்தையின் பிஸ்கட் பொட்டலத்தை ஒளித்து வைத்ததை, வெறும் உறைகளை எடுத்துச் சென்று அடுத்த தெருக் குப்பைத் தொட்டியில் போட்டதை வாய்விட்டுச் சொல்ல ஆண்டுகள் ஆகலாம். ஆனால் தம் நிலைக்குப் பொருந்தும் வாக்கியம் ஏற்கெனவே அச்சடிக்கப்பட்டிருப்பதைக் காண்பவருக்கு ஒரு செய்தி கிடைக்கிறது: இது தமக்கு மட்டும் நேர்வதன்று. படிவத்தைப் பாதியில் நிறுத்தி, “இது வேறு யாருக்கும் இருக்கா?” என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்டவரிடம் மீதிப் படிவத்தை உடனே நிரப்பச் சொல்வதில்லை. அமர்ந்து பேசத் தொடங்கிவிடுகிறோம்.

மற்றொரு பயன், காலத்தோடு ஒப்பிடுவது. ஒரே படிவத்தை, ஒரே வகைச் சூழலில், சில மாத இடைவெளியில் நிரப்பினால், ஒருவர் தம்மோடு தம்மை ஒப்பிட இயலும். அதிலும் அவசரம் கூடாது. உண்ணும் வேளையும் மனநிலையும் குறித்து அன்றன்று எழுதும் பழக்கம் சிகிச்சையின் ஒரு பகுதி. அதைத் தொடங்கிய முதல் வாரங்களில் எண்ணிக்கை கூடியதுபோலத் தோன்றலாம். முன்பு கவனிக்காமல் விட்டவை இப்போது கண்ணில் படுகின்றன, அவ்வளவே. மதிப்பெண் திடீரென்று வீழ்ந்தாலும் நாங்கள் உடனே மகிழ்ந்துவிடுவதில்லை. மருத்துவரை ஏமாற்றமடையச் செய்யக் கூடாது என்ற அன்பினாலும் மதிப்பெண் குறையும். குறைந்த எண் எங்களுக்கும் பிடிக்கும் என்பதை நோயாளிகள் எப்படியோ அறிந்துவைத்திருக்கிறார்கள்.

மனச்சோர்வைக் கணிக்கப் பல மருத்துவமனைகளில் வழங்கும் ஒன்பது வினாப் படிவத்தையும் ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அதில் பசியின்மைக்கும் மிகையுண்ணலுக்கும் சேர்த்து ஒரே வினா. விடை ‘ஏறத்தாழ ஒவ்வொரு நாளும்’ என்றால், உணவு இறங்கவில்லையா, நிறுத்த முடியவில்லையா என்பது எண்ணிலிருந்து தெரியாது. யாராவது கேட்டால்தான் தெரியும்.

குடும்பத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் பெரிதன்று. படிவத்தை நிரப்பும்போது உடன் அமராதீர்கள். படிக்க இயலாதவருக்கு எங்கள் செவிலியரோ உளவியலாளரோ தனியறையில் படித்துக் காட்டுவார்கள். முடிந்ததும் “எவ்வளவு வந்தது?” என்று கேட்காதீர்கள். கேட்கத் தோன்றும் என்பதை அறிவோம். சர்க்கரை அளவைக் கேட்பதுபோலத்தான் கேட்கிறீர்கள். ஆனால் இந்த எண்ணை வீட்டில் ஒருவர் தெரிந்துகொண்டால், அடுத்த முறை அது நிச்சயம் குறையும். துன்பம் குறைந்திருக்க வேண்டியதில்லை. உண்ணும் தட்டைக் கண்காணிப்பதும், பண்டங்களைப் பூட்டி வைப்பதும், உறவினர் முன்னிலையில் கேலி செய்வதும் அவரை மேலும் மறைவிடத்திற்குத் தள்ளும். வேளைக்கு உணவு, சேர்ந்து உண்ணும் ஒரு வேளை, எடையைப் பற்றிப் பேசாத ஒரு மாலை: இவை உதவுகின்றன. உண்டபின் வாந்தி எடுப்பதையோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சையோ கவனித்தால் படிவத்திற்கும் முன்பதிவுக்கும் காத்திராமல் அழைத்து வாருங்கள்.

எங்களிடம் நாங்களே கேட்டுக்கொண்டவையும் உண்டு. படிவம் இப்போது கூடத்தில் கொடுக்கப்படுவதில்லை. கொடுப்பதற்கு முன் மிகையுண்ணல் என்பதை இட்லி, சோறு, பிஸ்கட் பொட்டலம் என்ற அளவில் விளக்குகிறோம். ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில், ‘நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமை, பத்தியத்தைக் குறிப்பதன்று’ என்று வாய்மொழியாகச் சேர்த்துச் சொல்கிறோம். மதிப்பெண்ணைக் கோப்பில் எழுதும்போது, அது யார் நிரப்பியது, எங்கே நிரப்பியது என்பதையும் பக்கத்தில் குறிக்கிறோம். எல்லைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருப்பவரையும் பேசாமல் அனுப்புவதில்லை. இதனால் காத்திருக்கும் நேரம் கூடியிருக்கிறது. அதைப் பற்றிய முறையீடுகள் வந்துள்ளன, அவை நியாயமானவை. நேரத்தைக் குறைக்க வேறு வழி தேடுகிறோம். பேச்சைக் குறைத்து அன்று.

சில மாதங்களுக்கு முன் ஒருவர் எல்லாத் தொகுதிகளிலும் குறியிட்டுவிட்டு, படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘இரவு பதினொரு மணிக்கு மேல் நடப்பதை இதில் எங்கே எழுதுவது?’ அவருடைய மதிப்பெண் 16. அன்று அவருடன் நெடுநேரம் பேசினோம். இப்போது ஒவ்வொரு படிவத்துடனும் கோடிடாத வெள்ளைத்தாள் ஒன்றை இணைத்துத் தருகிறோம். அதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. எழுதியதைச் சிகிச்சை அளிப்பவர் தவிர வேறு எவரும் படிப்பதில்லை.